பாதி இலையில் எழுந்து போன பிள்ளை

இன்னிக்குக் குரோம்பேட்டை வீட்டில் இருந்தது நான், மகன் செந்தில், நாத்தனார் மங்கை. செந்திலுக்குப் பிறந்தநாள் சாப்பாடு.

அவன் ஆபீஸ் பார்த்துக்கொள்கிற புடவைக்கடை வெப்சைட்டில் எவனாவது திருட்டுத்தனமாக நுழையப் பார்த்தால் உடனே போனில் சொல்கிற காவலை, நேற்று அவன்தான் போட்டிருந்தான்.

அவனுக்குப் பரிமாறிவிட்டு, மங்கைக்குப் புடவை காட்ட வீட்டு கம்ப்யூட்டரில் அதே கடையைத் திறந்தேன். ஊரார் செய்ததெல்லாம் ஞாபகம் இருக்கு, என் பாஸ்வேர்டுதான் ஞாபகம் இல்லை.

“வேற பேர் போடுங்க அண்ணி” என்றாள். சொந்தக்காரர் பேரையெல்லாம் பாஸ்வேர்டாக ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்.

செந்தில் போன் அலறியது. பாதி இலையில் எழுந்து நாவலூர் ஆபீசுக்கு ஓடினான்.

அங்கிருந்து கூப்பிட்டான். “அம்மா, திருடன் நம்ம வீட்டு கம்ப்யூட்டர்லதான் உக்காந்திருக்கான்!”

அவன் இலையை எடுக்க இன்னும் மனசு வரலை.

நானே ஒத்துக்கொள்ள வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து “உங்கம்மாதாண்டா!” என்று கத்தியவளை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

நீயும் இதைப் படிப்பேன்னு தெரியும், மங்கை.