கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு மூச்சு

ஸ்டுடியோவைப் பெருக்கித் துடைக்கும் அக்கா, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டாள்.

டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த ஸ்டுடியோ. ஒத்திகை பார்க்க இரண்டு அறை, பாட்டுப் பதிய ஓர் அறை. பதிகிற அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், குரலையும் வாத்தியங்களையும் கூட்டிக் குறைத்துக் கலக்க, ஆள் படுத்துத் தூங்கலாம் போல நீளமாய் ஒரு மிக்ஸர். அதில் வரிசை வரிசையாகப் பட்டன்கள். அவற்றுக்குக் கீழே வெள்ளை டேப்பை ஒட்டி, அதன்மேல் யாரோ பேனாவால் கோணல்மாணலாகக் கிறுக்கியிருந்தார்கள். அழுக்கு என்று நினைத்த அக்கா அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள். நல்ல வேலை கொடுத்த கடவுளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடும் போட்டாள்.

ஸ்டுடியோவின் சொந்தக்காரரை எல்லோரும் சவுண்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் வந்து மிக்ஸரைப் பார்த்ததும் ஒரு கத்துக் கத்தினார்.

"யாரு இதுல கை வச்சது? மூணு நாளா உக்காந்து ஒவ்வொண்ணா குறிச்சு வச்சிருந்தேன்!"

ஈரத்துணி இன்னும் அக்காவின் கையிலேயே இருந்தது. அப்போது சுவரோரம் நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் எழுந்து நின்றாள்.

"நான்தான் சார். என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாம்னு... பிச்சுட்டேன்."

"பாக்கறதுக்குப் பிய்க்கணுமா? நீ படிக்கிற பொண்ணுதானே?"

"படிக்கிறதாலதான் சார். எழுத்தைக் கண்டா கை சும்மா... இருக்காது."

"இன்னும் ஒரு வாரத்துக்கு இந்தப் படியேறாத. கிளம்பு!"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் சவுண்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமே. அக்கா குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். படியில் வைத்து அவள் கையைப் பிடித்தபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"எதுக்கும்மா எம் பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"என்னைத் திட்டினா ஒரு வாரம் போச்சு. உங்களைன்னா வேலையே... போச்சு. விடுங்கக்கா." பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக் கொடுத்தாள். "அந்த டேப் அவங்கவங்க இடம்க்கா. இது டிரம்ஸ், இது கிட்டார், இது பாடறவங்கன்னு பேர் எழுதி ஒட்டுவாங்க. பேர் ஒட்டியிருக்கிற வரைக்கும் பாட்டுல அவங்க இருக்காங்கன்னு அர்த்தம். அவங்க வேலை முடிஞ்சா சாரே பிச்சுப் போட்டுடுவாரு. நீங்க மட்டும் அதத் தொடவே... கூடாது."

அந்தப் பெண் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வாள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, குட்டியாய் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் அந்தச் சொல்லை வெளியே விடுவாள். கேட்பவர்களுக்கு அதற்குள் என்ன வரப்போகிறதோ என்று இருக்கும்.

அவள் படித்தது வணிகப் படிப்பு. கடைசி வருடத்தில் ஒரு தொழிலைப் பற்றி விசாரித்து எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் துணிக்கடை, மருந்துக்கடை என்று போக, இவள் பாட்டை எடுத்துக்கொண்டாள். ஐந்து கல்லூரி இருக்கிற ஊர் அது. தடுக்கி விழுந்தால் ஒரு கிட்டார்மேல்தான் விழ வேண்டும். இந்த ஊரில் பாட்டு யாருக்கெல்லாம் சோறு போடுகிறது என்று அவள் தெருத் தெருவாக விசாரித்தாள். வாத்தியக் கடையில் கேட்டாள். சனிக்கிழமை தோறும் பாட்டு நடக்கும் காபிக் கடையில் கேட்டாள். ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவரை, வீட்டில் பியானோ சொல்லித் தரும் அம்மாவை, கிழிந்த டிரம்முக்குத் தோல் மாற்றுகிறவரை, ஒருவரையும் விடவில்லை.

"பாட்டு எனக்கு எங்கம்மா சோறு போடுது? வீட்டுல எம் பொண்டாட்டி போடறா, நான் வாசிக்கிறேன்" என்றார் ஸ்டுடியோவில் வாசிக்கும் டிரம்ஸ்காரர். அவர்தான் அவளுக்கு நோட்டு என்று பெயர் வைத்தவர். பெற்றவர் வைத்த பெயரை அந்த மாடியில் அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் அக்கா மாப் போட்டுக்கொண்டிருந்தபோது, நோட்டு அவளிடமும் புத்தகத்தைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் என்னத்தம்மா சொல்றது? எனக்குத் தெரிஞ்சது விளக்குமாறுதான்."

"நீங்களும் பாட்டுலதானேக்கா பொழைக்கிறீங்க? சொல்லுங்க, எத்தனை மணிக்கு... வருவீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். விட்டுப்போன கணவனைப் பற்றியும் சொன்னாள். அதை மட்டும் நோட்டு எழுதிக்கொள்ளவில்லை.

அவள் அந்த ஸ்டுடியோவில் பாடியது தற்செயலாக நடந்தது. பெரிய பாடகர்கள் வருவதற்கு முன்னால், மெட்டும் வார்த்தையும் பழகுவதற்காக வேறொருவர் பாடி வைப்பார். அதற்கு ட்ராக் பாடுவது என்று பெயர். பெரிய பாடகர் அதைக் காதில் கேட்டு அப்படியே பாடி முடித்ததும், முதல் குரலை அழித்துவிடுவார்கள். அன்றைக்கு ட்ராக் பாட வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சவுண்டுக்காரர் எரிச்சலோடு, "ஏ நோட்டு, உள்ள போய் நில்லு. சும்மா முணுமுணு, போதும்" என்றார்.

அவள் முணுமுணுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டுக்காரரின் கை பட்டன்மேலேயே நின்றுபோனது. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டாள். ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் அந்தக் குட்டி மூச்சு. அந்த இடத்தில் கேட்கிறவர்களுக்கும் மூச்சு நின்று வந்தது.

இரண்டு வாரம் கழித்து சவுண்டுக்காரரே வாய்விட்டுச் சொன்னார். "பாட்ட வெளியிடற கம்பெனிக்காரங்க கேட்டாங்க. ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். உன் குரலையே வச்சிடலாம்னு பேச்சு நடக்குது."

ஐந்தாவது பட்டனுக்குக் கீழே புது டேப்பை ஒட்டி, அதில் 'நோட்டு' என்று எழுதினார். அவள் அதைப் போனில் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாள். நாலாவது வகுப்போடு பள்ளியை விட்ட அக்கா, எழுத்துக் கூட்டி அந்தப் பெயரைப் படித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து காலையில் மிக்ஸரைத் துடைக்கும்போது அந்த டேப்பைச் சுற்றிக் குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைப்பாள். "இந்தப் பிள்ளை பேரு இங்கயே இருக்கட்டும், சாமி" என்று தினமும் வேண்டிக்கொள்வாள்.

வேண்டிக்கொள்ளக் காரணம் இருந்தது. நோட்டுவுக்கு அம்மா இல்லை. அப்பா தூரத்து ஊரில் நூல் மில்லில் முப்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. இந்தப் படிப்பு முடிந்ததும் பாட்டுப் படிக்கிறேன் என்று மகள் சொன்னபோது அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஒரே ஒரு பாட்டுல உன் குரல் வரட்டும். அப்புறம் நீ கேக்கறதப் படிக்க வைக்கிறேன். இல்லேன்னா பரீட்சை முடிஞ்சதும் வேலைக்குப் போயிடணும். சரியா?" மகளும் சரி என்றிருந்தாள். இப்போது போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். பாட்டு முழுசாகத் தயாரானதும் தானே வந்து கேட்பதாக அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில், அக்கா பதிவு அறைக் கதவைத் திறந்ததும் உள்ளே செண்ட் வாசனை அடித்தது. மைக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் வெந்நீர் பிளாஸ்க் வைத்திருந்தார்கள். யாரோ பெரிய பாடகர் வந்து போயிருக்கிறார். அக்கா குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். காகிதக் கப்புகளுக்கு நடுவில் சுருண்டுபோன வெள்ளை டேப் ஒன்று விழுந்தது. பிரித்துப் பார்த்தாள்.

நோட்டு.

நிமிர்ந்து மிக்ஸரைப் பார்த்தாள். ஐந்தாவது பட்டனுக்குக் கீழே புது டேப்பில், அழகான எழுத்தில் 'மேடம்' என்று இருந்தது.

சவுண்டுக்காரர் வந்ததும், டேப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொண்ணு குரலு..."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கம்பெனி முடிவு. என் கையில என்ன இருக்கு? மேடம் பேரு போட்டாத்தான் விக்கும்ங்கிறாங்க. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

புதன் போனது. வியாழன் போனது. அவர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நோட்டு படியேறி வந்தாள். உள்ளே கதவைச் சாத்தி வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு எந்த நாற்காலி வசதி என்று வெளியிலேயே பார்த்துவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எங்கப்பா இதுவரைக்கும் பஸ்ஸுல இவ்வளவு தூரம் வந்ததே... இல்லக்கா!"

அக்கா வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சொல் உள்ளேயே போய்விட்டது. "நல்லது நடக்கும்மா" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கடவுள் முன்னால் உட்கார்ந்து, "எப்படியாவது நீயே அவளுக்குத் தெரியப்படுத்திடு" என்று பாரத்தை அங்கே இறக்கி வைத்தாள். தனக்கும் ஒரு வாயைக் கடவுள்தான் கொடுத்திருக்கிறார் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். படியேறிய மூச்சு வாங்கலோடு, மில்லில் பேசிப் பழகிய சத்தத்தில், "இதுதானா எடம்!" என்றார்.

நோட்டு பழக்கத்தில் மிக்ஸர் பக்கம் போனாள். ஐந்தாவது பட்டன்மேல் கண் போனது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. சவுண்டுக்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள்.

"போடுங்க தம்பி, எம் பொண்ணு பாட்ட!" என்றார் அப்பா.

சவுண்டுக்காரர் தடுமாறி, "ஐயா, அது வந்து..." என்று இழுத்தார்.

"போடுங்க சார்" என்றாள் நோட்டு. அவளே ஹெட்போனை எடுத்து அப்பாவின் காதில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

ஸ்பீக்கரிலும் பாட்டு வந்தது. நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மேடம் ட்ராக்கைக் கேட்டுக் கேட்டுப் பாடியதில், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் வரும் அந்தக் குட்டி மூச்சையும் சேர்த்து.

முதல் அடி முடியும்போதே அப்பா கையை உயர்த்தினார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. ஹெட்போன் மாட்டியிருந்ததால் இன்னும் பலமாகக் கத்தினார்.

"இதோ! இங்க நிறுத்துச்சு பாத்தீங்களா? சின்னப் பிள்ளையிலேர்ந்தே இப்படித்தான்! பசிக்குதுன்னு சொல்றதுக்குக்கூட ஒரு மூச்சு இழுத்துட்டுத்தான் சொல்லும்! எங் காது செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. பெத்த பிள்ளை குரலு தெரியாமப் போயிடுமா?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"உன் குரல்தானேம்மா?"

"ஆமாப்பா" என்றாள் நோட்டு. "என்... குரல்தான்."

அன்றைக்கு டேப்பைப் பிய்த்தது நானென்று சொன்ன அதே முகம். அக்காவால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய், நிறைந்திருந்த வாளியில் மறுபடியும் தண்ணீர் பிடித்தாள்.

அதன் பிறகு நோட்டு மாடிக்கு வரவில்லை. பாட்டு வெளியே வந்து டீக்கடைகளிலும் பஸ்களிலும் ஒலித்தது. அக்கா அது கேட்கிற தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகப் போனாள்.

பரீட்சை முடிந்து ஒரு மத்தியானம் அவள் வந்தாள். சவுண்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தாள். தோளில் பெரிய பை. கன்னம் ஒட்டியிருந்தது. வேறொரு ஊரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டதாம்.

"அப்பாதான் சரின்னு சொல்லிட்டாரேம்மா. பாட்டுப் படிக்கலாமே?" என்றாள் அக்கா.

"எந்த வாயால அவர்கிட்ட பீஸ் கட்டச் சொல்றதுக்கா? அந்த ஒரு பாட்டே போதும்ப்பான்னு... சொல்லிட்டேன்."

கல்லூரிக்காக எழுதி அட்டை போட்ட தன் புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தாள். பாட்டால் பிழைக்கிறவர்கள் என்று ஒரு பகுதி. அதில் டிரம்ஸ்காரர் இருந்தார், பியானோ அம்மா இருந்தார். கடைசியில், காலை ஆறரை மணிக்கு வந்து மைக்குகளைத் துடைக்கும் அக்காவும் இருந்தாள், ஒரு பக்கம் முழுக்க. எழுதிய பெண் மட்டும் எங்கேயும் இல்லை.

அக்காவுக்கு இதற்குமேல் மறைக்க நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினாள். அங்கே, சுருக்கம் நீவி, அந்த டேப் ஒட்டியிருந்தது.

"குப்பையில கிடந்துச்சும்மா. தூக்கிப் போட மனசு வரல."

நோட்டு அதை விரலால் தடவிப் பார்த்தாள். தடவின விரல் பாதியில் நின்றது.

"இது எப்பக்கா... எடுத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்பா வர்றதுக்கு முன்னாடி... செவ்வாயா?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள். நோட்டு மூடியைக் கிளிக்கென்று போட்டு, டப்பாவை அவள் கையிலேயே கொடுத்தாள். பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்த்து, எங்கேயும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னாள்:

"அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கப்பாவ வர வேண்டாம்னு சொல்லியிருப்பேன்க்கா."