அரைக்கட்டை இறக்கம்

அறுபதுகளின் நடுவில் நான் பகலில் தாம்பரம் ரயில் ஷெட்டில் எலக்ட்ரீஷியன். முகூர்த்த நாட்களில் கல்யாண ஊர்வலத்துக்கு சாக்ஸபோன். சாவு ஊர்வலத்துக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர், மிச்ச நேரத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதியவர். எங்கள் வீட்டில் சோறு சில நாள் இருக்காது. ஊதுவதற்கு மூச்சு எப்போதும் இருந்தது.

எனக்கு ஒரு நண்பன். நண்பன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மகன், தாம்பரத்தில் சொந்த வீடு, மவுண்ட் ரோட்டு ஹோட்டல் ஒன்றின் டான்ஸ் பேண்டில் கிடார் வாசிப்பவன். ஒரு சர்ச் கல்யாணத்தில் நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்து கை கொடுத்தான். அன்றிலிருந்து என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டான். ஊரெல்லாம் அப்படித்தான் கூப்பிடும். ஆனால் எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் வயிறு குளிர்ந்துவிடும். காரணம் அவன் தங்கை. அவள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். அந்தக் கல்யாணத்தில் அவள் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது நான் பார்த்தேன், அவ்வளவுதான், ஆள் காலி.

ஒருநாள் ரயிலடியில் வைத்து அவனிடம் கேட்டே விட்டேன்.

"உன் தங்கச்சியக் கட்டிக்கணும்னு ஆசையா கீது. தப்பா எடுத்துக்காதே."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு மச்சான்? ரயில்வே வேலை இருக்கு, நல்ல பையன். ஆனா, சாவுக்கு ஊதறவன்னு அப்பா ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு. எங்க பேண்டுல சாக்ஸ் சீட் காலியாகப் போகுது. நீ அதைப் பிடி. கோட்டு போட்டுக்கிட்டு ஹோட்டல்ல வாசி. அப்புறம் அப்பாகிட்ட நானே பேசறேன்."

எனக்கு அவன் காலில் விழலாம் போல இருந்தது. விழாமல் இருந்தேனே, அது ஒன்றுதான் அந்தக் கதையில் நான் காட்டிய புத்தி.

அந்த பேண்டின் தலைவர் டிரம்பெட் வாசிக்கும் ஓர் ஆங்கிலோ இந்தியர், பல்லாவரம் கண்டோன்மென்ட்டில் குடியிருந்தார். புதிதாக வருகிறவனுக்கு அவர் வைக்கும் பரீட்சை ஊரறிந்தது. ஜாஸில் பாட்டின் நடுவே ஒருவன் மட்டும் எழுந்து, அந்த நிமிடத்தில் மனதுக்குத் தோன்றியதை வாசிப்பான். பெரிய வாத்தியக்காரர்கள் அப்படி வாசித்தவை ரெக்கார்டில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. அதில் ஒன்றைக் காதால் கேட்டே எடுத்து, அச்சு அசலாக அவர் முன் வாசிக்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் அடுத்த பேச்சு.

"ரெக்கார்டு எங்க வீட்லயே இருக்கு, டியூட்டி முடிச்சு வா" என்றான் நண்பன். கிடார் ஹோட்டலிலேயே இருக்கும், வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்றும் சொன்னான். நான் எதற்குக் கேட்கப் போகிறேன், அதை ஏன் சொன்னான் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஆரம்பித்து மாசி வரைக்கும் தினமும் சாயங்காலம் போனேன். அவன் ஹோட்டலுக்கு வண்டியேறும் வரைக்கும் முன் அறையில் எனக்கு இடம். ரெக்கார்டு பிளேயர், பிளக்கில் செருகினால் ஓடுகிற சின்ன மோட்டார் வகை. நான் போகும் நேரத்தில் ஊரே விளக்குப் போடும், முடிச்சூர்ப் பக்கம் பம்புசெட்டெல்லாம் இறைக்கும். தலைக்கு மேலே குண்டு பல்பு பீடி நுனி மாதிரி சிவந்து கிடக்கும். மூலையில் அவன் தங்கை காலால் மிதித்து வாசிக்கும் ஹார்மோனியம். நான் படியேறினால் மூடியைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தோஷம்தான்.

வேலை என்றால் அது வேலை. முள்ளைத் தூக்கி வை, நான்கு ஸ்வரம் கேள், எடு. வாயால் பாடு. பாட வந்தால்தான் வாத்தியத்தைத் தொடு. வேகமான இடத்தில் பிளேயரைப் பாதி வேகத்துக்கு மாற்றினால் எருமை முனகுவது போல வரும், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும். பென்சிலால் டோ ரே மீ என்று எழுதிக்கொள்வேன். பிறகுதான் தெரிந்தது, எழுத முடிந்ததெல்லாம் பாதி. ரெக்கார்டில் வாசித்திருந்த அந்தக் கறுப்பு அமெரிக்கர் எங்கே மூச்செடுக்கிறார், எந்த ஸ்வரத்தை விழுங்கிவிட்டு வாசித்த மாதிரி காட்டுகிறார், தாளம் கூப்பிட்டும் எங்கே வேண்டுமென்றே சோம்பேறியாக வருகிறார், இதெல்லாம் பென்சிலுக்கு அகப்படாது. ஒரு இடத்தில் மூச்சு வாங்கும் சத்தம்கூட ரெக்கார்டில் இருந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். ஷெட்டில் இன்ஜினுக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்த மூச்சை எடுத்துப் பார்ப்பேன். பக்கத்தில் வேலை செய்கிறவன், "இன்னாபா, இழுப்பா?" என்று கேட்டான்.

ஒன்று மட்டும் உதைத்தது. ரெக்கார்டோடு சேர்ந்து வாசிக்க என் சாக்ஸபோன் ஒத்துவரவில்லை. வாயில் வைக்கும் மவுத்பீஸை விழுந்துவிடும் அளவுக்கு வெளியே இழுத்து, வாத்தியத்தைக் கொஞ்சம் இறக்கினால்தான் சுருதி சேர்ந்தது. விரல்களும் கோணிக்கொண்டன, சாக்ஸபோனில் விரலால் அழுத்தும் எந்தெந்தச் சாவிகளை நாங்கள் கூடுமானவரை தவிர்ப்போமோ அத்தனையும் அதில் வந்தன. சுண்டுவிரல் வீங்கிப்போயிற்று. வேறொருவனாக இருந்தால் என்னமோ தப்பு என்று சந்தேகப்பட்டிருப்பான். நான் பெருமைப்பட்டேன். இவ்வளவு பெரிய மனுஷன் சுலபமான சுருதியிலா வாசிப்பான், கஷ்டமானதைத்தான் பிடிப்பான் என்று நினைத்தேன். நண்பனிடமும் சொன்னேன். "ஆமா மச்சான், பெரியவங்கன்னா அப்படித்தான்" என்றான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பாவி.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டோன்மென்ட்டில் தலைவர் வீட்டு முன்கூடத்தில் பரீட்சை. அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பியானோ, டிரம்ஸ், ஓரத்தில் நண்பன் கிடாரோடு. பியானோக்காரர் ஒரு ஸ்வரம் கொடுத்தார். மவுத்பீஸை நன்றாக உள்ளே தள்ள வேண்டியிருந்தது. அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?

"என்ன சுருதி மேன்?" என்றார் தலைவர்.

"ரெக்கார்டுல கீற மாதிரியே சார்."

"குட். அதே சுருதி."

பாட்டு ஆரம்பமாயிற்று. என் முறை வந்தது, எழுந்தேன், மாதக்கணக்காகச் சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் போட்டு ஊதினேன். முதல் ஸ்வரமே தகரத்தில் ஆணி கீறியது போல விழுந்தது. பியானோ தப்பு என்று நினைத்தேன். ஆண்டவரே, நான் அந்தப் பியானோக்காரரை முறைத்தேன்! அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் விடவில்லை. ஒரு ஸ்வரம் பிசகாமல், விழுங்கின ஸ்வரத்தை விழுங்கி, சோம்பேறியான இடத்தில் சோம்பி, மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கி வாசித்தேன். மொத்தமும் அரைக்கட்டை கீழே. ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டை இருக்கிறதே, அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவுதான், ஆனால் கேட்கச் சகிக்காது. தலைவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விரலைக் காற்றில் சுழற்றி, இன்னொரு சுற்று போகட்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். அது எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து இன்னொரு சுற்று வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதில்மேல் ஏறிக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முடிந்ததும் டிரம்ஸ்காரர் சிரித்துச் சிரித்து முதுகைப் பிடித்துக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை, டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார்.

"எந்த நேரத்துல ரெக்கார்டு கேப்பே?"

"சாயங்காலம் சார். வெளக்கு வெச்சப்புறம்."

"உங்க பக்கம் அந்த டைம்ல வோல்டேஜ் எப்படி மேன்?"

"ரொம்ப டல்லா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் ரெக்கார்டும் மெதுவாகச் சுற்றும், சுருதி இறங்கும்.

"வேலை என்ன செய்றே?"

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மை வந்து தொலைத்தது.

"எலக்ட்ரீஷியன் சார். ரயில்வேல."

அதற்கப்புறம் கூடத்தில் சிரிக்காத ஆள் கிடையாது. தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இரக்கப்பட்டோ விளையாட்டாகவோ, "ஓகே, அதையே அரைக்கட்டை ஏத்தி வாசி, ஈஸியான விரல்தானே" என்றார். உண்மைதான், அது குழந்தைகள் முதலில் கற்றுக்கொள்ளும் சுருதி. என் விரல்களுக்கு அந்தக் கோணல் வழி மட்டும்தான் தெரியும். நான்காவது ஸ்வரத்திலேயே தடுக்கி விழுந்தேன். "சரி, அதை விடு. உன்னோடது ஏதாவது வாசி" என்றார். என்னுடையது என்று என்ன இருந்தது? அந்த அமெரிக்கரின் மூச்சுவரைக்கும் திருடி வைத்திருந்தவனிடம் சொந்தமாக ஒரு ஸ்வரம் இல்லை. வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

தலைவர் திரும்பி நண்பனைப் பார்த்தார். "உன் வீட்டுப் பிளேயர்தானே மேன்? நீ டெய்லி இதே பாட்டை எங்களோட வாசிக்கிறே. உனக்குத் தெரியாதா?"

அவன் கிடாரில் ஒரு கம்பியைத் திருகிக்கொண்டே, "முதல்லயே தெரியும் சார். இவ்வளவு ஆசையா கத்துக்கறானேன்னு சொல்ல மனசு வரல" என்றான். அதற்கும் சிரித்தார்கள். கிடார் வீட்டில் இருந்தால் ரெக்கார்டோடு ஒத்துப் பார்த்திருப்பேன், அதனால்தான் அதை ஹோட்டலிலேயே விட்டுவைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த சீட்டைப் பெரம்பூரிலிருந்து வந்த ஒருவனுக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் டியூட்டி உடுப்போடு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். சட்டையைப் பிடித்து நாலு அறை விடுவதாகத் திட்டம். என் கை வேறு எதற்கும் லாயக்கில்லை, அதற்காவது ஆகட்டும் என்றிருந்தது. ஆனால் அவன் முந்தின வண்டிக்கே போய்விட்டான். அவன் தங்கைதான் கேட்டுக்கு வந்தாள். இத்தனை மாதத்தில் அவள் என் எதிரில் நின்றது அதுதான் முதல் தடவை.

"உங்க அண்ணன் எனக்கு இன்னா பண்ணான்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும். சொன்னான்."

"ரெக்கார்டு எறங்கி ஓடுதுன்னு அவனுக்கு மொதல்லயே தெரியுமாம்."

"எனக்கும் முதல் நாளே தெரியும்" என்றாள். "அரைக்கட்டை கம்மி. வெளிச்சம் மங்கின நாள்ல இன்னும் கொஞ்சம் கம்மி."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களை வேண்டாம்னு முகத்துக்கு நேரா சொல்ல அண்ணனுக்குத் தைரியம் இல்ல. அதான் அவன் சொல்லல" என்றாள்.

"நீங்க?"

"எனக்கு வேண்டாம்னு இல்ல." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "நீங்க என்னைக் கேட்டீங்கன்னு அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டான். காது இருக்கற ஆளான்னு பார்க்கணும்னு தோணிச்சு. நீங்க வந்தா ஹார்மோனியத்தை மூடிட்டு உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். இன்னிக்குக் கண்டுபிடிப்பீங்க, நாளைக்குக் கண்டுபிடிப்பீங்கன்னு."

"கண்டுபிடிச்சிருந்தா?"

"அப்பாகிட்ட நானே பேசியிருப்பேன்."

அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அடிபட்டவனால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டவாவது முடியும். நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.