வயோலாக்காரி தொட்ட வயலின்

எங்கள் வீட்டுக்கு ஈரம்தான் எதிரி. தீப்பெட்டி ஆலை வைத்திருப்பவர்களுக்கு வேறு எதிரி தேவையில்லை. மேகம் கறுத்தால் கரிசல்காட்டுச் சம்சாரி கையெடுத்துக் கும்பிடுவார். என் அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டுவார். மருந்து நமுத்துவிட்டது, குச்சி நமுத்துவிட்டது என்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால், தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆலை ஆபீசுக்கு நான்கு வாத்தியங்கள் வந்து இறங்கியபோது, அப்பா அவற்றைச் சரக்கு அறையில் கொண்டுபோய் வைத்தது யாருக்குமே வித்தியாசமாகத் தெரியவில்லை. கோவில்பட்டியிலேயே அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது. என் வயலினுக்கு மட்டும் தனி மரியாதை. முதலாளி மகளுடையது அல்லவா, தகரக் கூரையை ஒட்டிய மேல் தட்டில் இருந்தது.

அப்பாவுக்கு இந்த ஆசை வந்தது சென்னையில் ஒரு கல்யாண வீட்டில். நான்கு பிள்ளைகள் அரை வட்டமாக உட்கார்ந்து வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், "முன்னால நின்னு கம்ப ஆட்ட ஆளே இல்ல. தானா சேந்து வாசிக்குதுக, கேட்டியா!" என்று ஒரு வாரம் புலம்பினார். அடுத்த மாதமே பாளையங்கோட்டையிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு மாஸ்டர் வர ஆரம்பித்துவிட்டார். முதல் வயலின் மருந்துக்கடைக்காரர் மகள். இரண்டாவது வயலின் நான். செல்லோ என் சித்தப்பா மகன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த வயோலா என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாததால் அதை யாரும் தொடவில்லை. கடைசியில் ஆலை ஃபோர்மேன் தன் மகளைக் கடம்பூரிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினார். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, பதின்மூன்று. காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். வாட்ச்மேனிடம் சாவி வாங்கிச் சரக்கு அறையைத் திறந்து, எங்களுக்கு முன்னாலேயே அங்கே இருப்பாள்.

மாஸ்டரின் பாடமே வேறு மாதிரி. நான்கு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். யாரும் ஒன்று இரண்டு எண்ணக் கூடாது. ஒருத்தி மூச்சை இழுக்கிற சத்தத்தைக் கேட்டே மற்ற மூவரும் வில்லைப் போட வேண்டும். முதல் மூன்று மாதம் ஒரே ரகளை. பிறகு ஒருநாள் நான்கு வில்லும் ஒன்றாக விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாஸ்டர் அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். மே மாதம் கொடைக்கானலில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு இசை முகாம். நால்வராகத்தான் எடுப்பார்கள். சுருதி சுத்தமாக இருந்தால் எங்கள் பெயரைக் கொடுக்கிறேன் என்றார்.

ஃபோர்மேன் மகள் அதுவரை மதுரையைத் தாண்டியதில்லை. அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னிடம் கேட்பாள், "ஏட்டி, அங்கன ரொம்பக் குளிருமோ?" நான் ஏற்கெனவே இரண்டு தடவை போய்வந்த பெருமையில், "ஒனக்குத் தாங்காது" என்பேன்.

மாசி மாதத்தில் என் வயலின் கெட்டுப்போக ஆரம்பித்தது. தந்தியை முறுக்கிப் பிடிக்கும் பிருடை இருக்கிறதே, அது பாட்டின் நடுவில் சர்ரென்று நழுவும். தந்தி இளகிப் பூனை கத்துவது போல ஒரு சத்தம் வரும். மாஸ்டர் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். "இப்படி இருந்தா பேரக் குடுக்க மாட்டேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஏன்?

எனக்கு அப்போதே சந்தேகப் புத்தி. தேங்காய்ச் சில்லு குறைந்தால் வீட்டு ஆட்களை வரிசையாக நிறுத்தி வாயை முகர்ந்து பார்க்கிற பிள்ளை. எனக்கு முன்னால் அந்த அறைக்குள் போகிறவள் ஒருத்திதானே? அப்புறம் எல்லாமே பொருந்தி வந்தது. நான் வரும்போது சட்டென்று எழுந்துகொள்கிறாள். தந்தி நழுவும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள், இவள் மட்டும் சிரிக்காமல் என் பிருடையையே பார்க்கிறாள். இரண்டாவது வயலினைப் பிடுங்கத் திட்டம் போடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி அவள் கையைப் பார்ப்பேன். மூச்சாவது மண்ணாவது! நான்கு வில்லும் மறுபடி நான்கு திசையில் விழுந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் முன்னதாகவே போய் ஜன்னல் ஓரம் ஒளிந்து நின்றேன். நினைத்தது சரிதான். என் பெட்டி திறந்து கிடந்தது. வயலின் அவள் மடியில். கை பிருடையில்.

நான் உடனே உள்ளே போகவில்லை. அதுதான் என் குணத்தின் லட்சணம். எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தேன். மாஸ்டர் வந்தார், மற்ற இருவரும் வந்தார்கள், ஆலையிலிருந்து அப்பாவையும் ஃபோர்மேனையும் நானே போய்க் கூட்டிவந்தேன். பிறகு நடுவில் நின்று கேட்டேன்.

"ஏட்டி, என் வயலினத் தொட்டியா இல்லியா?"

அவள் தன் அய்யாவைப் பார்த்தாள். "தொட்டேன்" என்றாள்.

ஃபோர்மேன் முகம் செத்துப்போயிற்று. "மன்னிச்சிருங்க மொதலாளி, இனிமே இங்கன வர மாட்டா" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. இருந்ததை இல்லை என்று எப்படிச் சொல்ல?

அவள் நின்ற பிறகு மூன்றாவது வாரம், பெட்டியைத் திறந்தால் என் வயலினின் அடிப்பலகை பசை விட்டு வாயைப் பிளந்து கிடக்கிறது. மாஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டு, நாற்காலி மேல் ஏறி மேல் தட்டில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "யாரு இதை இங்கன வச்சது?"

"அப்பாதான் சார். நமுக்கக் கூடாதுன்னு."

"வயலின் என்ன தீக்குச்சியா பிள்ள?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இந்தச் சூட்டுல மரம் வத்திப்போவும், பிருடை நிக்குமா? எவளும் தொட வேண்டாம், தானா அவுந்துக்கிடும்."

அப்போதும் என் புத்தி போகவில்லை. அப்படியானால் அவள் கை ஏன் அங்கே இருந்தது?

மறுநாள் கடம்பூருக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போளி வாங்கினேன். கடம்பூர்க்காரிக்கே கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு போன அறிவாளி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள். அதுவரை என்னை அவள் நீ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"அன்னைக்கி என் வயலின வச்சு என்னட்டி பண்ணுன?"

"எறங்கிக் கெடந்துச்சு. முறுக்கி வச்சேன். நழுவாம இருக்கச் சாக்பீஸ் தூள் தடவுனேன். மாசியில இருந்து வாராவாரம் அதான் செஞ்சேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"ஒங்க சாமானத் தொட்டேன்னு தெரிஞ்சா எங்கய்யாவ ஏசுவாவ. அதான் சொல்லல. நீங்க வாரதுக்குள்ள சரி பண்ணிட்டா நாலு பேரும் போயிரலாம்னு பாத்தேன்." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அப்பிடியும் பாட்டு நடுவுல நழுவிருச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வாட்டி, காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். "அன்னைக்கி யார் யார் இருந்தாவளோ அத்தன பேர் முன்னாலயும் சொல்லுங்க. எங்கய்யா காதுல விழணும்." சொல்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை எல்லோரும் இருந்தார்கள். என் வயலினை மாஸ்டர் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, தன் அய்யா பக்கத்தில் வந்து நின்றாள். நான் நடுவில் போய் நின்றேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எனக்கு நல்லது செய்தாள், நான் அவளைத் திருடியைப் போல நிற்க வைத்தேன், சொல்ல வேண்டியது அவ்வளவுதான். என் வாயில் வந்தது இது.

"அது வெயிலுக்குத் தானா நழுவியிருக்கு. தட்டு மேல வச்சதுதான் தப்பாம்."

"பாத்தியா, என் தப்புதான்" என்று அப்பா சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். ஃபோர்மேன்கூட, விட்டது சனி என்று சிரித்துவிட்டார். போதும் என்று நானும் நாற்காலியைத் தேடினேன்.

அவள் வயோலாவை எடுத்தாள். தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிச் சரிபார்த்தாள். பிறகு அதைப் பெட்டியில் வைத்து மூடி, மாஸ்டரிடம் நீட்டினாள். "நான் வரல சார்."

வாசல்வரை ஓடிப்போய் அவளை மறித்தேன். "ஏன்டி, அதான் சொல்லிட்டேனே!"

"வெயிலப் பத்திச் சொன்னீங்க" என்றாள். "என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

உள்ளே அத்தனை பேரும் இன்னும் இருந்தார்கள். திரும்பி நின்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மாஸ்டர் பாளையங்கோட்டையிலிருந்து வேறொரு பெண்ணை வயோலாவுக்குக் கூட்டிவந்தார். மே மாதம் நான்கு பேராகவே கொடைக்கானல் போனோம்.