முதல் பந்திக்கு ஆள் இல்லை

என் மாமியார் இறந்த பிறகு என் மாமனார் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து நான் ஆபீசுக்குப் போய்விடுவேன். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் இருந்தால் தூங்குவார், விழித்திருந்தால் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் டிபன் கேரியரில் சோறு, குழம்பு, பொரியல் என்று அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கேரியர் கழுவிக் கவிழ்த்திருக்கும். மனுஷர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். எங்கள் தெரு நாய் மட்டும் ஏன் இப்படிப் பெருத்துக்கொண்டே போகிறது என்று யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் விளங்கியது.

கேட்டதற்கு மாமனார் கொஞ்சமும் அசரவில்லை. "தனியா ஒக்காந்து துன்றதுக்கு நான் இன்னா ஆஸ்பத்திரிலயா கீறேன்?" என்றார். விடியும் முன்னே எழுந்து நாய்க்கு முருங்கைக்கீரை ஆய்ந்திருக்கிறேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆபீஸை விட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கவும் முடியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதியில் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு போட ஓர் ஏற்பாடு நடந்தது. ரிடையரான ஒரு டீச்சரம்மா முன்னால் நின்றார். கடைத்தெரு வியாபாரிகள் அரிசி பருப்பு கொடுத்தார்கள். கல்யாண மண்டபத்துக்காரர், முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாப்பாட்டுக் கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும் வேன் ஒன்று, பெரியவர்களை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மாமனார் முடியாது என்றுவிட்டார். சேலையூர்ப் பக்கம் அவருக்கு நிலம் இருந்த காலத்தில், அறுவடையானாலும் கோயில் திருவிழாவானாலும் அவர் வீட்டு வாசலில்தான் ஊருக்கே இலை விழுமாம். நிலமெல்லாம் பிளாட்டாகி, அதில் வீடு கட்டியவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாமல் போன பிறகும் அந்த நினைப்பு மட்டும் ஒரு சென்ட் கூடக் குறையவில்லை. "நாம சோறு போட்ற வம்சம். எவனோ போட்றதுக்கு இலைய விரிச்சிகினு ஒக்கார்ற வம்சம் இல்ல" என்று டீச்சரம்மாவிடமே சொல்லி அனுப்பிவிட்டார்.

டீச்சரம்மா லேசுப்பட்டவர் இல்லை. மறுநாள் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துக்கொண்டு வந்தார். உங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, நாலு பெரியவர்கள் சாப்பிடுகிற இடத்தில் நீங்கள் கூட நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்றார். மாமனார் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் பட்டையாக விபூதி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அப்பா மாதிரி வாசலில் நின்றார்.

வேன் சின்னப் பிள்ளைகளுக்கானது. சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். டிரைவர் பக்கத்து சீட்டில்தான் காலை நீட்டலாம் என்பதால் அதற்குப் பெரிய அடிதடி. பெருங்களத்தூரில் ரயில் கேட் போட்டிருந்த ஒரு நாள், வெளியே நின்று கேட்கீப்பரிடம் நியாயம் கேட்ட ஒருவருடைய முன் சீட்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்துவிட்டாராம். "ஸ்கூல் பசங்களே தேவலாம்மா, மிஸ்ஸுன்னு சொன்னா பயப்படும்" என்று டிரைவர் என்னிடம் புலம்பினார்.

அதெல்லாம் என் காதில் சங்கீதமாக விழுந்தது. சாயங்காலம் வந்ததும், இன்றைக்கு என்ன சாப்பாடு மாமா என்று கேட்பேன். சாம்பாரில் உப்பு தூக்கலாம். ரசம் பிரமாதமாம். பொரியல் கடைசி இலைக்கு எட்டவில்லையாம், நாளைக்குக் கூட ஒரு கிலோ போடச் சொல்லியிருக்கிறாராம். இவ்வளவு விவரம் சொல்கிற மனிதர் அதை வாயில் போட்டுப் பார்க்கவில்லை என்று யாருக்குத் தோன்றும்?

ஆனால் மதியம் பலமாகச் சாப்பிட்டதாகச் சொல்லி ராத்திரி இரண்டு வாயோடு எழுந்துவிடுவார். ஆள் இளைத்துக்கொண்டே போனார். சட்டை தோளிலிருந்து நழுவியது. ஒருநாள் பால் வாங்கப் போன இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, வியாதி ஒன்றும் இல்லை, வயிற்றில் ஒன்றும் போகவில்லை, இப்படியே போனால் படுக்கையில் விழுந்துவிடுவார் என்றார். மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு ஒரு நாள் லீவு போட்டேன்.

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இலை போட்டாகிவிட்டது. ஓர் இலையிலும் ஆள் இல்லை. ஒருவர் வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றார். ஒருவர் தண்ணீர்ச் செம்போடு உலாத்தினார். ஒருவர் துண்டால் ஈ ஓட்டினார். என் மாமனார் நடுவில் நின்றுகொண்டு, இலை நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் எல்லோரையும் பார்த்து, உட்காருங்கள், உட்காருங்கள் என்று உபசரித்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை. விஷயம் இதுதான். டீச்சரம்மா வெற்றிலைத் தட்டு வைத்து, கூட நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்று அழைத்தது என் மாமனாரை மட்டும் இல்லை. வர மாட்டேன் என்ற அத்தனை பேரையும் அப்படித்தான் அழைத்திருந்தார். எல்லோரும் நிலம் விற்ற பெரிய வீட்டுக்காரர்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது விருந்தாளிக்குச் சொன்னது. விருந்து வைக்கிறவன் கடைசிப் பந்தியில்தான் கையை நனைக்க வேண்டும். ஆண்கள் சாப்பிட்டு எழாமல் நாங்கள் எப்படி உட்காருவது என்று பாட்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

அப்புறம் சோறு எங்கே போகிறது என்று கேட்டேன். டீச்சரம்மா கண்ணாலேயே வாசலைக் காட்டினார். பெரியவர்கள் தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். வேன் டிரைவர், பூக்காரம்மா, மண்டபத்தில் லைட் மாட்ட வந்த இரண்டு பேர், வண்டலூரில் சிங்கம் பார்க்கப் போகிற பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு குடும்பம். முதியோர் மதிய உணவில் முதியோரைத் தவிர மற்றவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். கடைசியில் மிஞ்சும் மோரைக் குடித்துவிட்டு, எல்லாம் சிறப்பாக நடந்தது என்ற திருப்தியோடு இவர்கள் வேன் ஏறுவார்களாம். "சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சும்மா" என்றார் டீச்சரம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமனாரின் கழுத்தெலும்பைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அதட்டினால் கேட்கிற ஆள் இல்லை. அழுதாலும் கேட்க மாட்டார். வந்த கோபத்தில் நேராகப் போய் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முன்னால் நான் சாப்பிட உட்கார்ந்ததே இல்லை. அவர் முகம் சிவந்தது. ஆனாலும் இலையில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைத் திட்ட முடியுமா? சோறு கொண்டு வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டேன்.

"நீங்க உட்காருங்க மாமா. இல்லைன்னா நான் இப்படியே எழுந்து போயிடறேன்."

அவருக்கு வேர்த்துவிட்டது. அவர் நடத்துகிற பந்தியில் ஒருத்தி இலையை விட்டுச் சாப்பிடாமல் எழுவதா? அதுவும் வீட்டு மருமகள். சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. ஓர் இலை தள்ளி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சுவரோரம் நின்ற ஒரு பாட்டி, மருமவளே ஒக்காந்துட்டா, நமக்கு இன்னா என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு எதிரே வந்து அமர்ந்தார். பின்னாலேயே மற்ற பாட்டிகள். பெண்களெல்லாம் உட்கார்ந்த பிறகு ஆண்கள் யாரை உபசரிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திண்டாடிவிட்டு, ஒவ்வொருவராக இலைக்கு வந்தார்கள்.

மாமனார் சாம்பார் ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது கவளம் கையிலேயே நின்றுவிட்டது.

"உங்க அத்த ஒரு நாளும் எங்கூட ஒக்காந்து துன்னதில்ல" என்றார், இலையைப் பார்த்தபடியே. "நான் எழுந்து போனப்புறம் அவளுக்கு சோறு இருந்துச்சா, இல்லியா, இன்னா துன்னா, ஒரு தபா கூட கேட்டதில்லம்மா."

நாய்க்குச் சோறு போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கையிலிருந்த கவளத்தை அவர் இலையில் வைத்துவிட்டார். இப்போது எழுந்தால் இனி உட்காரவே மாட்டார் என்று பயமாக இருந்தது. எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரிந்த சங்கதியை உடைத்துவிட்டேன்.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினா, நடுத்துண்டு ரெண்டை முதல்லயே எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னாடி மூடி வச்சிடுவாங்க. எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. மிச்சம்தான் உங்களுக்கும் உங்க புள்ளைக்கும் வரும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதான பாத்தேன்" என்றார். "எனுக்கு எப்பவும் வாலாவே வந்துகினு இருந்துச்சு."

தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.