எத்திராஜ் என்று யாரும் இங்கே இல்லை

எத்திராஜ் தன் ஸ்கூட்டரைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தி அவர் மனைவி வனஜா பார்த்ததில்லை. ஏழு வருடமாகக் கவனிக்கிறாள். ஒரு நாள் சர்ச் காம்பவுண்டு ஓரம், ஒரு நாள் அயர்ன் வண்டிக்குப் பின்னால், மழை நாளில் மட்டும் நாலு வீடு தள்ளி ஞானசேகரன் வீட்டுச் சன்ஷேடுக்குக் கீழே. நிறுத்திவிட்டு, யாருடைய வண்டியோ என்பதுபோல அதை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சந்துக்குள் நடந்து வருவார். கையில் அரிசி மூட்டை இருந்தாலும் அப்படித்தான்.

இதற்கு மூல காரணம் வனஜாவின் தம்பி ரகு. டெலிவரி வேலைக்குப் போகிறேன், பைக் வேண்டும் என்று வந்து நின்றான். அவன் பெயருக்கு எந்த ஃபைனான்ஸிலும் கடன் தரவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டி மாதச் சம்பளம் வாங்கும் எத்திராஜ் பெயருக்குத் தந்தார்கள். ரகு நாலு தவணை கட்டினான். ஐந்தாம் மாதம் அத்திபெலே பக்கம் நல்ல வேலை என்று பைக்கிலேயே கிளம்பினான். பைக் போயிற்று, ரகுவும் போனான், தவணை மட்டும் இவர்கள் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில் தங்கிவிட்டது.

பிறகு ஃபைனான்ஸ்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பைக் கிடைக்காவிட்டால் ஸ்கூட்டரை இழுத்துப் போவோம் என்றார்கள். அந்தச் சந்தில் மொத்தம் ஏழு வீடு, ஒரே குழாய். ஒரு வீட்டுச் சங்கதி குழாயடிக்கு வந்தால் ஏழு வீட்டுக் குடத்திலும் நிரம்பிவிடும். முதல் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஷோபா அக்காதான் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"யார் வந்து எத்திராஜ்னு கேட்டாலும், அப்படி யாரும் இங்க இல்ல. கொத்தில்ல. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினீங்க, மாட்டிக்குவீங்க."

தெரியாது என்பதற்கான அந்தக் கன்னட வார்த்தையைச் சந்தே மனப்பாடம் செய்தது. ஒரு தரம் ஃபைனான்ஸ் ஆள் எத்திராஜையே நிறுத்தி, எத்திராஜ் வீடு எது என்று கேட்டான். "கொத்தில்ல சார், நானும் அவனைத்தான் தேடறேன்" என்று சொல்லிவிட்டு, அவனோடு சேர்ந்து இரண்டு தெரு தேடிக் கொடுத்துவிட்டு வந்தார் எத்திராஜ்.

கடைசியில் வனஜாவின் செயினை விற்று, கம்பெனியோடு பேசி, பாதித் தொகையில் கணக்கை முடித்தார்கள். முடித்ததற்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். எத்திராஜ் அதை லேமினேட் செய்து பீரோவில், ரேஷன் கார்டுக்கு மேலே வைத்தார். கடன் போய் நாலு வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. அவருக்கும் போகவில்லை, சந்துக்கும் போகவில்லை.

இந்த நிலையில்தான் மகள் சிந்து எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பில் சேர்ந்தாள். முதல் வருடக் கட்டணம் சீட்டுப் பணத்தில் போயிற்று. இரண்டாம் வருடத்துக்குக் கல்விக் கடன் கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போவதாகச் சிந்து சாதாரணமாகச் சொன்னாள். ஏழாம் வகுப்போடு நின்றவள் வனஜா. தானும் அன்றைக்கு இப்படித்தான் சாதாரணமாகச் சொன்னாள் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மறுநாளே புருஷனைக் கூட்டிக்கொண்டு காக்ஸ் டவுனில் இருக்கும் பேங்குக்குப் போனாள்.

அங்கே நிருபமா என்ற அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். எத்திராஜ் தயாராக வைத்திருந்த லேமினேட் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதுதான் சார் பிரச்சினையே. பாதிக்குப் பேசி முடிச்சிருக்கீங்க. முழுசா கட்டினதா ஆகாது. உங்க கிரெடிட் ஸ்கோர் ஐந்நூத்தி எண்பத்தெட்டு."

"எவ்ளோவுக்கு மேடம்?"

"தொள்ளாயிரத்துக்கு."

எத்திராஜ் மனக்கணக்குப் போட்டார். "அறுபத்தஞ்சு பர்சென்ட். ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம்."

"எங்களுக்கு எழுநூறு வேணும் சார்" என்றார் நிருபமா. வழியும் அவரே சொன்னார். இருபதாயிரம் டெபாசிட் போட வேண்டும். அதை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு தருவார்கள். கொஞ்சமாகச் செலவு செய்து, தேதி தவறாமல் முழுதும் கட்டிக்கொண்டே வந்தால் ஒரு வருடத்தில் ஸ்கோர் ஏறும்.

"என் பணத்தை நீங்க வெச்சுக்கிட்டு எனக்கே கடன் தர்றீங்க" என்றார் எத்திராஜ்.

"ஆமா."

"அதையும் நான் திருப்பிக் கட்டணும்."

"ஆமா."

எத்திராஜ் வனஜா பக்கம் சாய்ந்தார். "உன் தம்பி இங்க வேலைக்குச் சேர்ந்துட்டானா?"

வனஜா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஆதாரில் பழைய விலாசம் இருந்ததால், வீட்டைப் பார்க்க ஆள் வருவார் என்று நிருபமா சொல்லி அனுப்பினார்.

இதைச் சந்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுபடியும் கடனா என்று ஷோபா அக்கா திட்டுவாள் என்ற பயம். அங்கேதான் தப்பு நடந்தது.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தோளில் பையோடு சுனில் என்ற இளைஞன் வந்தான். ஷூ, பை, போன் மூன்றையும் பார்த்ததும் ஷோபா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "அப்படி யாரும் இல்லப்பா. கொத்தில்ல." அடுத்து ஞானசேகரன். "எத்திராஜா? இருபது வருஷமா இருக்கேன். அந்தப் பேரே கேள்விப்பட்டதில்ல." அயர்ன்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியில் சுனில் வனஜாவிடம் வந்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து யாருடைய புடவைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். புது ஆளிடம் பேச வேண்டும் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எத்திராஜ் வீடு இதானா ஆன்ட்டி?" என்றான். ஒட்டிய நாக்கிலிருந்து தானாகவே வந்தது.

"கொத்தில்ல."

அவன் போனில் எதையோ தட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். அப்போதுதான் அவன் கழுத்தில் தொங்கிய அட்டையை வனஜா சரியாகப் பார்த்தாள். நிருபமா மேடம் மேஜையில் இருந்த அதே நீல வட்டம். ஊசியைப் புடவையிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். மெயின் ரோட்டில் அவன் பைக்கை உதைப்பதற்குள் பிடித்துவிட்டாள்.

"சார், எத்திராஜ் வீடு அதுதான். நான் அவர் சம்சாரம்."

"ரெண்டு நிமிஷம் முன்னாடி தெரியாதுன்னீங்க?"

"அது பழக்கம் சார்."

சுனில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் மூச்சு வாங்க நின்ற விதத்தில் அவனுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "இன்னும் அனுப்பல. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் சொல்லணும். அவர் வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். இல்லேன்னா விலாசம் பொய்ன்னு போட்டுடுவேன். அப்புறம் கார்டு வராது."

இருவரும் திரும்பி வந்தார்கள். வனஜா பிடிபட்டுவிட்டாள் என்றே ஷோபா அக்கா நினைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னாள்: "இந்தம்மாவையே நான் பார்த்ததில்ல தம்பி."

"அக்கா, இவர் வசூலுக்கு வரல. பேங்க்ல இருந்து கடன் குடுக்க வந்திருக்கார்."

"அது அதைவிட மோசமாச்சே."

"சிந்து படிப்புக்குக்கா. இவர் போய்ட்டா அவ துணிக்கடைக்குப் போய்டுவா."

ஷோபா அக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு சந்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எல்லாரும் வாங்க. எத்திராஜ் இங்கதான் இருக்காராம்."

இரண்டு சாட்சி கேட்ட இடத்தில் ஆறு வீடும் வந்தது. "தங்கமான மனுஷன் சார். இருபது வருஷமா தெரியும்" என்றார் ஞானசேகரன்.

"இப்பதான் பேரே கேள்விப்பட்டதில்லன்னீங்க."

"அது வேற எத்திராஜ்னு நினைச்சேன்."

காலை ட்ரிப் முடிந்து எத்திராஜ் சந்து முனையில் தலைகாட்டியது அந்த நேரம்தான். தன் வாசலில் கூட்டம், நடுவில் பையோடு ஒரு ஆள். வந்த வேகத்தில் ஸ்கூட்டர் அப்படியே வட்டமடித்தது.

"யாரது?" என்றான் சுனில்.

ஆறு வீடும் ஒரே குரலில் சொன்னது: "கொத்தில்ல."

"அவர்தான் சார்" என்றாள் வனஜா.

அவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியும். சுனில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட் பக்கத்து சலூனுக்கு வழி காட்டினாள். போனை அணைத்துவிட்டு, முகம் நிறைய சோப்பு நுரையோடு, அன்றைக்கு இரண்டாவது ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தார் எத்திராஜ். கண்ணாடியில் வனஜாவைப் பார்த்தார்.

"எவ்ளோ பாக்கின்றான்?"

"பாக்கி இல்ல. நீங்க அந்த வீட்ல இருக்கீங்களான்னு கேக்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"இருக்கார்னு சொன்னேன். எழுந்திரிங்க."

பாதி முகம் மட்டும் மழித்த நிலையில் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சிரிக்கச் சொன்னபோது முடியாது என்றார். கூட்டத்தில் யார் யார் படத்தில் விழ வேண்டும் என்பதில் ஷோபா அக்காவுக்கும் ஞானசேகரனுக்கும் சின்னத் தகராறு வந்தது. சுனில் இருவரையும் விலக்கிவிட்டு எடுத்தான்.

மூன்று வாரத்தில் கார்டு வந்தது. பதினெட்டாயிரம் வரை செலவு செய்யலாம். எத்திராஜ் அதில் பெட்ரோலும் கேஸ் சிலிண்டரும் மட்டும் போட்டார். முதல் மாதம் பில் வந்த அன்றே கட்டி, கட்டியது போய்ச் சேர்ந்ததோ என்னவோ என்று மறுநாளும் கட்டினார். அதிகம் கட்டியதை அடுத்த பில்லில் கழித்தார்கள். கடன்காரனாக இருந்த தனக்கு பேங்கே பாக்கி வைத்தது அவருக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. சிலிண்டர் போட வந்தவனிடம்கூட அதைச் சொன்னார்.

பதினோரு மாதத்தில் ஸ்கோர் எழுநூற்று நாலு. கல்விக் கடன் அனுமதி ஆகிவிட்டது. சிந்து இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். கடன் பத்திரத்தில் எத்திராஜ் கையெழுத்துக்குக் கீழே வனஜாவின் கையெழுத்தும் இருக்கிறது. பேங்கிலிருந்து கூப்பிட அவள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவள்தான் எடுத்துப் பேசுகிறாள்.