கதிராமன் பறித்த போன்

கதிராமனின் வேலை ஆழம் பார்ப்பது. திருகோணமலைச் சீனன்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களின், அந்தப் பெரிய தாங்கிகளின், உச்சிக்கு இரும்பு ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் அளவுநாடாவை உள்ளே இறக்கி, எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வருவார். பத்தொன்பது வருடங்களாக இதுதான். அரை விரல் கூடினாலும் குறைந்தாலும் நாடாவைப் பார்க்காமலே சொல்லிவிடுவார் என்று பெயர். வீட்டில் பதினைந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். அங்கே அந்த நாடா எட்டவில்லை.

மகளின் பெயர் மாதுமை. கோணேசர் கோயில் அம்மனின் பெயர். பிள்ளை அடக்கமாக வளரும் என்று நம்பி வைத்தது. தோழிகள் அதை மது என்று சுருக்கிக்கொண்டார்கள். கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத கதிராமனின் வீட்டு வாசலில் நின்று, நாலு பெண்பிள்ளைகள் "மது, மது" என்று கூப்பிடுவதை அயலவர்கள் ரசித்தார்கள்.

கைத்தொலைபேசி வந்தது மனைவி இராசமலரின் தம்பி தோஹாவிலிருந்து வந்தபோது. கதிராமனுக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் மனைவியின் வாதம் யுத்த காலத்து வாதம். அதற்குப் பதில் கிடையாது.

"ரியூசனால ஆறு மணிக்கு வாற பிள்ளை ஆறேகாலுக்கும் வராட்டி நான் எங்க போய் நிக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ."

அப்படியாக, மகள் எங்கே இருக்கிறாள் என்று அறிவதற்காக அந்தப் போன் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டது. அது வந்த நாளிலிருந்து மகள் எந்நேரமும் வீட்டில்தான் இருந்தாள். எங்கே இருக்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சிம் கதிராமனின் பெயரில் எடுத்தது. அதில் நடக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதில் என்ன நடக்கிறது என்று தெரியாதவரும் அவரே.

பறித்துப் பார்த்தார். அரிசிப் பானைக்குள் ஒளித்தார், பானை மணியடித்தது. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்; இராசமலர், "பாவம், சாப்பிடாமக் கிடக்கிறாள்" என்று திறந்து கொடுத்தாள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறைக்குக் கணிதத்தில் முப்பத்தொரு புள்ளியோடு மாதுமை வந்து சேர்ந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புட்டு ஆறிக்கொண்டிருக்க, அவளுடைய பெருவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த விரல் தேய்ஞ்சு போகாதா பிள்ளை?"

"போனா மற்றக் கையில ஒண்டு இருக்குதுதானே, அப்பா."

கதிராமன் எழுந்து, போனைப் பறித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார்.

எங்கே வைப்பதென்று பஸ்சில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டார். சீனன்குடா வாசலில் ஒரு மர அலுமாரி உண்டு. தபால் கந்தோரில் இருப்பதுபோலச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்தது. குத வளாகத்துக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. காலையில் காவல் கோப்ரலிடம் கொடுத்து இலக்கம் அடித்த தகரத்துண்டை வாங்க வேண்டும்; மாலையில் தகரத்தைக் கொடுத்துப் போனை வாங்க வேண்டும். பக்கத்தில் துவக்கோடு இருவர் நிற்பார்கள். இராசமலர் இரக்கப்பட்டுத் திறந்துகொடுக்க முடியாத அலுமாரி நாட்டில் ஒன்று இருந்தால், அது அதுதான்.

"இரண்டு போனா?" என்று கோப்ரல் கேட்டார். ஐம்பதை நெருங்கியவர். அவருடைய தமிழும் கதிராமனின் சிங்களமும் ஒரே அளவு ஓட்டை. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

"ஒண்டு மகளின்ட. பறிச்சுப்போட்டன்."

"நல்ல வேலை," என்றார் கோப்ரல். "எனக்கும் மகள் இரண்டு." நாற்பத்தொன்று என்று அடித்த தகரத்தை நீட்டினார்.

பத்து மணித் தேநீருக்கு ஸஹாப்தீன் வந்து குந்தினார். கிண்ணியாவிலிருந்து வருபவர், வால்வுகளைத் திறந்து பூட்டும் வேலை, மூன்று ஆண் பிள்ளைகளுக்குத் தகப்பன். கதிராமன் தன் வெற்றியை அவரிடம் சொன்னார்.

"எந்தப் போன் மச்சான்? கறுத்ததா? பின்னால கண்ணாடிப் பொட்டு ஒண்டு இருக்குமே."

"ஓம், இருக்குது. ரோச் லைற் அடிக்கிறதுக்கு."

"ரோச்சா!" ஸஹாப்தீன் தேநீரைக் கீழே வைத்தார். "அது கமரா மச்சான். படம் புடிக்கிறது."

"போனிலயா?"

"இவ்வளவு நாளும் எங்க இருந்தாய், எண்ணெய்க்குள்ளயா? என்ட ரெண்டாமவன் அதில ஆட்டப் புடிச்சிருக்கான், மாட்டப் புடிச்சிருக்கான், உம்மா தூங்கக்குள்ள அவட காலயும் புடிச்சிருக்கான்."

கதிராமனுக்கு முதலில் ஞாபகம் வந்தது மாமரம். அவருடைய வீடு உவர்மலைச் சரிவில் இருந்தது. பின்வளவில் நின்றால் உட்துறைமுகம் முழுவதும் காலடியில். பின்னேரங்களில் மாதுமை அங்கே போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, போனை நீட்டித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பாள். சிக்னல் தேடுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். நினைத்தது மட்டுமல்ல; "அங்கால தள்ளி நில் பிள்ளை, மாமரம் மறைக்குது" என்று ஒரு தடவை உதவியும் செய்திருந்தார்.

மாமரம் மறைத்துக்கொண்டிருந்தது கடற்படையின் கப்பல்களை.

துறைமுகத்தைப் படம் எடுத்தவர்களைப் பற்றிய கதைகள் ஊரில் நிறைய உண்டு. எதற்கும் முடிவு கிடையாது. கதை பாதியில் நிற்கும், ஆளும் அப்படியே. குத வளாகத்துக்குள் போகும் பாஸ் பறிபோனால் வேலை போகும், போகட்டும். எண்ணெய்க் குதத்தில் வேலை செய்பவனின் பெயரில் உள்ள போனுக்குள் துறைமுகம் இருந்தால், கேள்வி அவரோடு நிற்காது. எடுத்தது யார் என்று கேட்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்பார்கள். மற்றத் தகப்பன்மார் பிள்ளையின் போனுக்குள் ஒரு பொடியனைக் கண்டுவிடுவோமோ என்று பயந்த காலத்தில், ஒரு பொடியன்மட்டும் இருக்கக்கூடாதா என்று கதிராமன் ஏங்கினார்.

"காய்ச்சல் எண்டு சொல்லி வெளிக்கிடு மச்சான்," என்றார் ஸஹாப்தீன், குரலைத் தாழ்த்தி.

"பத்தொன்பது வருசமாக் காய்ச்சல் வராதவனுக்கு இண்டைக்கு வந்தா, ஏன் வந்தது எண்டு கேப்பாங்கள்."

அதுதான் நிலைமை. உள்ளே வருவதற்கு ஒரு கையெழுத்து. நேரத்துக்கு முன் வெளியே போக மூன்று. வாசல் அரை மைல் தூரம். வாசலில் போன், அதற்குள் அவருடைய வீடு. நாலரைக்குச் சங்கு ஊதும்வரை இந்தப் பக்கம் அவர்.

அவர் செய்யக்கூடியதாக இருந்தது ஏறுவது ஒன்றுதான். அன்று அளக்க வேண்டாத குதத்திலும் ஏறினார். உச்சியிலிருந்து துறைமுகம் தெரியும். அதைத் தினமும் பார்ப்பதற்கு அரசாங்கமே அவருக்குப் பாஸ் கொடுத்திருந்தது. வாசலும் தெரியும். பதினொன்றரைக்கு ஒரு ஜீப் வந்து வாசலில் நின்றது. ஒரு அதிகாரி இறங்கினார். கோப்ரல் மர அலுமாரியைத் திறந்து மேசையில் போன்களை ஒவ்வொன்றாக வைப்பது, தீப்பெட்டி அடுக்குவதுபோல, அவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது. கதிராமன் நாடாவை இறக்கினார். எழுதினார். பிழை. மறுபடி இறக்கினார். அதுவும் பிழை. மூன்றாம் முறை இறக்கியபோது ஜீப் போய்விட்டிருந்தது. யாரும் அவரைத் தேடி வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று சொல்லவும் யாரும் இல்லை.

நாலரைக்குத் தகரத்தை நீட்டினார். கோப்ரல் கதிராமனின் போனைக் கொடுத்தார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்கட மகள் போன் ஒன்பது மணியில இருந்து அழுதது. ஒரு தரம் அடிக்கும், நிற்கும். திரும்ப ஒரு தரம் அடிக்கும், நிற்கும். ஐயா வந்து எல்லாப் போனையும் திறந்து பார்த்தார். இதைக் கையில எடுக்க, செத்துப் போச்சு. பற்றரி முடிஞ்சுது."

கதிராமன் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பேசினால் சிரித்துவிடுவார் போலிருந்தது.

"ஒரு ஆளுக்கு ஏன் இரண்டு போன் எண்டு ஐயா கேட்டார். நான் மகள் எண்டு சொன்னேன். புத்தகத்தில பதிஞ்சாச்சு. நாளைக்குச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாங்க. ஐயா பார்ப்பார்."

பஸ்சில் வரும்போது போனைக் கடலில் எறிந்துவிடலாமா என்று யோசித்தார். கடல் வழி நெடுக வசதியாகவே இருந்தது. ஆனால் புத்தகத்தில் பதிந்த போன் நாளைக்கு வர வேண்டும்.

வீட்டில் மாதுமை காலையிலிருந்து யாருடனும் கதைக்கவில்லை. கதிராமன் போனை மேசையில் வைத்தார். பறித்தவர் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அதிகாரமாகவே சொன்னார்:

"இதைச் சார்ஜில போடு. இதுக்குள்ள இருக்கிற படமெல்லாம் காட்டு."

"கமரா இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் கதிராமன். பத்து மணியிலிருந்து தெரியும்.

போன் உயிர்பெற்றதும் மாதுமை முதலில் படங்களைத் திறக்கவில்லை. முப்பத்தெட்டு மிஸ் கோல். எல்லாம் ஒரே இலக்கம். அவள் அந்த இலக்கத்துக்கு ஒரு தரம் அடித்து நிறுத்தினாள். உடனே அங்கிருந்து ஒன்று அடித்து நின்றது. அதன் பிறகுதான் மூச்சு விட்டாள்.

"ஆர் அது?"

"பரீனா. ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு அடிப்பாள். வீட்டில இருக்கிறன், ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். நான் திருப்பி அடிக்கோணும். அடிக்காட்டி எனக்கு என்னவோ எண்டு நினைப்பாள்."

பரீனாவை அவருக்குத் தெரியும். போன வருடம் மூதூர்ச் சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, நகரத்தில் மாமி வீட்டில் நின்று, மாதுமையோடு ரியூசன் படித்தவள். பிறகு குடும்பத்தோடு திரும்பிப் போய்விட்டாள். மூதூர் குடாவுக்கு அந்தப் பக்கம். லோஞ்சுப் படகில் ஒரு மணித்தியாலம். சோதனைகளோடு சேர்த்தால் ஒரு நாள்.

படங்கள் அறுபத்து மூன்று. எல்லாவற்றிலும் மாதுமை, கன்னத்தை உப்பி, கண்ணைச் சரித்து, பின்னலை முன்னால் போட்டு. அவளுடைய காதுக்குப் பின்னால் ஒரு சாம்பல் கப்பல். தோளுக்கு மேலே இறங்குதுறை.

"எல்லாத்திலயும் கப்பல் நிக்குதே!" என்றார் கதிராமன்.

"கப்பலா? எங்க?" மாதுமை போனைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். அவள் உண்மையாகவே அதைக் கண்டதில்லை. அறுபத்து மூன்று படத்திலும் அவள் பார்த்தது அவளைத்தான்.

அவர் நடந்ததைச் சொன்னார். குத உச்சியில் நின்றதைச் சொல்லவில்லை. குசினி வாசலில் இராசமலர் கரண்டியோடு நின்றுவிட்டாள். மாதுமை படங்களை அழிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, பெருவிரலால். காலையில் அவர் திட்டிய அதே விரல். ஒரு படத்தில் விரல் நின்றது. அதில் இரண்டு பேர். பரீனா போவதற்கு முதல் நாள் எடுத்தது. இரண்டு முகத்துக்கும் நடுவில், அளந்து வைத்ததுபோல, கப்பல்.

"இதை மட்டும் விடுங்கோ, அப்பா."

"ஏலாது பிள்ளை."

"அப்ப அவளை நான் எங்க பாக்கிறது?"

அன்று காலை முழுவதும் விடாமல் அடித்துப் பற்றரியை முடித்தவள் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். மாதுமை அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அழித்தாள். போனை மேசையில் வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"இப்பிடிக் கொண்டுபோனா மாட்டுவீங்கள். பொம்பிளைப் பிள்ளையின்ட போனில ஒரு படமும் இல்லையா எண்டு கேப்பாங்கள். அழிச்சது தெரியும்."

இதை எங்கே படித்தாள் என்று அவர் கேட்கவில்லை. கணிதத்தில் முப்பத்தொன்று எடுத்த பிள்ளை.

"அப்ப என்ன செய்யிறது?"

"அந்தச் சுவருக்கு முன்னால போய் நில்லுங்கோ."

வீட்டில் கடல் தெரியாத சுவர் ஒன்றுதான்: குசினிக்குள், அடுப்புக்கு எதிரே, கிளிப்பச்சை அடித்தது. கதிராமன் அதன் முன்னால் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நின்றார். "சிரியுங்கோ, அப்பா." சிரித்தார். "இது சிரிப்பில்லை." இராசமலர் தலையை வாரிக்கொண்டு வந்தாள். பூசணிக்காய் ஒன்று நின்றது. பக்கத்து வீட்டு ஆடு இழுத்துவரப்பட்டது. இருட்டுமுன் நாற்பது படம் சேர்ந்தது. இடையில் கதிராமன் மெசேஜ்களையும் பார்த்தார். எல்லாம் இரண்டிரண்டு இங்கிலீஸ் எழுத்து.

"ரீ.சீ. எண்டா என்ன?"

"ரேக் கெயார், அப்பா. கவனமா இருங்கோ எண்டு."

"அதை முழுசா எழுது. இப்பிடி எழுதினா ஒருத்தனும் கவனமா இருக்க விடமாட்டான்."

அடுத்த நாள் அதிகாரி வாசல் மேசையில் இருந்துகொண்டு, போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கதிராமன், கதிராமனும் பூசணிக்காயும், வாயைப் பொத்திய இராசமலர், ஆடு. மறுபடி கதிராமன். அதிகாரி நிமிர்ந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். கோப்ரல் தமிழாக்கினார்:

"ஏன் எல்லாப் படத்திலயும் ஒரே சுவர்?"

"அங்கதான் வெளிச்சம் நல்லம், ஐயா," என்றார் கதிராமன். அந்த வீட்டில் அதைவிட இருட்டான மூலை கிடையாது.

அதிகாரி ஆட்டை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு போனைத் தள்ளிவிட்டு, இனி இதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றார். கோப்ரல், "மகளிட்டக் குடுங்க, அங்கதான் பாதுகாப்பு," என்று தன் பங்கையும் சேர்த்துச் சொன்னார். மாலைவரை அது அலுமாரியில் நாற்பத்தொன்றாம் அறையில் கிடந்தது. ஒன்பது மணிக்கு ஒரு தரம் மட்டும் அடித்து நின்றது. பரீனாவுக்கு முதல் நாளே சொல்லப்பட்டிருந்தது.

அன்று மாலை போனை மகளின் கையில் கொடுத்தவர் அதன் பிறகு பறிக்கவில்லை. பறித்தால் வைக்க இடமில்லை. கணிதப் புள்ளி முப்பத்தொன்றிலிருந்து இருபத்தெட்டுக்கு இறங்கியபோதுகூட, வாசலில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஒரு விதி மட்டும் போட்டார், மாதுமையும் மறுக்கவில்லை. படம் எடுப்பதென்றால் பச்சைச் சுவருக்கு முன்னால்.

அவள் பதினாறானதும், பதினேழானதும், பின்னல் போய்க் குதிரைவால் வந்ததும், சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அழுத முகமும், யுத்தம் முடிந்த வருடம் லோஞ்சில் வந்திறங்கிய பரீனாவோடு தோளில் கைபோட்டு நின்றதும், எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால்தான். பரீனா வந்த அன்று, இனித் துறைமுகத்தைப் படம் எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஸஹாப்தீன்கூடச் சொன்னார். மாதுமை பழக்கத்தில் குசினிக்குள் போய் நிற்க, பரீனாவும் பக்கத்தில் போய் நின்றாள். மாதுமையின் அந்த வருடங்களைப் படங்களில் பார்க்கிற எவரும், திருகோணமலையில் கடல் இருக்கிறது என்று நம்பமாட்டார்கள்.