அப்பாவின் தூண்டில் புழு

ஆய்வகத்தில் குப்பைமேனி இலையை அரைத்ததும் கிளம்பிய பச்சை வாடை என்னை ராயபுரத்து வீட்டுக்கே இழுத்துப் போனது.

சின்ன வயதில் எனக்கு வயிறு நிறையப் பூச்சி. அரைத்த சாற்றை என் வாயில் ஊற்றப் போன அம்மாவுக்கு, இது பூச்சியைக் கொல்லுமா என்று திடீரெனச் சந்தேகம். எண்ணூரில் தூண்டில் போட அப்பா டப்பாவில் வைத்திருந்த மண்புழுக்கள் மேல் சாற்றில் பாதியைக் கொட்டினாள். நெளிந்தன, சுருண்டன, அடங்கிவிட்டன.

"யோவ், வந்து பாருய்யா! எல்லாம் சுருண்டுகினு கீது!" என்று குதித்தாள் அம்மா.

"அடிப்பாவி! மீனுக்கு இன்னாமே போடுவேன்?" என்றார் அப்பா.

மீதிச் சாற்றுக்கு நான் வாயைத் திறக்கவேயில்லை.

இன்று குடற்புழுவுக்குப் பதிலாக என் கண்ணாடித் தட்டிலும் மண்புழுக்கள்தான். சாறு விட்டேன். அசைவே இல்லை! உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, உன் மருந்து வேலை செய்யுது!"

"அன்னிக்கே பார்த்துட்டேன்டி. இப்பவாவது வாயத் தொற."